கட்டடக்கலைக் கல்லூரி ஸ்டுடியோ: எதை முதலில் தீர்மானிப்பது?

கேள்வி:
புதிய கட்டடக்கலைக் கல்லூரிக்கு வரைபடம் போடுகிறோம். மாணவர்கள் விரும்பித் தங்கும் ஸ்டுடியோவுக்கு (வரைந்தும் மாதிரி செய்தும் பழகும் பெரிய வகுப்பறைக்கு) முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
வெளிச்சத்தை. வட அரைக்கோளத்தில் வடக்கு ஜன்னல்தான் நல்லது, கண் கூசாது. அகமதாபாத்தின் செப்ட் கட்டடக்கலைக் கல்லூரி ஸ்டுடியோக்களில் கட்டடக்கலைஞர் பி.வி. தோஷி இதையே செய்தார். ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு தூரம்வரைதான் பகலொளி உள்ளே போகும். அறை அதைவிட ஆழமானால் கூரைவழி வெளிச்சம் கட்டாயம்.

பதில் 2:
தடையில்லாத திறந்த இடத்தை. சிகாகோவின் கட்டடக்கலைக் கல்லூரிக் கட்டடமான கிரவுன் ஹால் (1956) 120-க்கு 220 அடி, நடுவில் தூணே இல்லை. எல்லோர் வேலையும் எல்லோர் கண்ணிலும் படும். கற்றலில் பாதி அதுதான். ஆனால் கான்கிரீட்டும் கண்ணாடியும் மட்டுமே இருந்தால் எதிரொலியில் ஆசிரியர் பேச்சு பின்வரிசைக்குப் புரியாது. ஒலி உறிஞ்சும் மென்பலகையால் சுவரை மூடுங்கள், வரைபடங்களை ஊசியால் குத்தி மாட்டவும் அதுவே உதவும்.

பதில் 3:
கட்டட மாதிரிகள் செய்யும் பட்டறையைத் தரைக்குக் கீழுள்ள தளத்தில் ஒளிக்காதீர்கள். ஸ்டுடியோவை ஒட்டியே, தூசி உறிஞ்சியோடு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வையுங்கள்.