எழும்பூர் செப்புத் திருமேனிகள் – படம் எடுத்து சயனோடைப் போடுவதில் குழப்பம்

நீலப்பொடி கேட்டது:

எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் எடுத்த படங்களை ஏ4 அளவில் சயனோடைப் அச்சாக (இரும்பு உப்பு பூசிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் நீல அச்சு) போடுவதுதான் திட்டம். முதலில் திருவெண்காடு அர்த்தநாரீசுவரர், அடுத்து திருவாலங்காடு நடராசர். சிக்கல்கள் இவை:

கண்ணாடிப் பேழைக்குள் இருப்பவற்றில் எதிர்ச்சுவர் விளக்கும் என் சட்டையும் விழுகின்றன. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் வடிகட்டி) போட்டும் பெரிய மாற்றம் இல்லை.

அச்சில் வெள்ளையாக வர வேண்டிய இடம் மங்கல் நீலமாக நிற்கிறது. உடல் முழுக்க ஒரே கருநீலம், அணிகலன் எதுவும் தெரியவில்லை. கழுவும்போது நீலம் தண்ணீரோடு ஓடுகிறது. ஒரு வாரத்தில் ஓரங்கள் மஞ்சளிக்கின்றன.

செய்முறை: ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் (பச்சை) 25 கிராம் 100 மில்லியில், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம் 100 மில்லியில், இரண்டும் சமபாகம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் பேப்பர். நெகட்டிவ், ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் எடுத்த லேசர் பிரின்ட். உச்சி வெயிலில் 4 நிமிடம். கழுவுவது போர் தண்ணீரில். கேமரா ஏபிஎஸ்-சி, லென்ஸ் 50 மிமீ 1.8.

பேழைக்கண் பதில்:

படம் எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போலரைசர் வேலை செய்யாததற்குக் காரணம் நீங்கள் கண்ணாடிக்கு நேரே நிற்பதுதான். கண்ணாடியின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 55 பாகை சாய்ந்து பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை முழுதாக வெட்டும். அவ்வளவு சாய்ந்தால் அர்த்தநாரீசுவரரின் இடுப்பு வளைவே காணாமல் போய்விடும். நேரே நின்றால் அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்குவதோடு சரி. கழற்றி விடுங்கள்.

கை, முகம், ஆபரணம் போன்ற நெருக்கப் படங்களுக்கு ரப்பர் லென்ஸ் ஹூட்டைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் வையுங்கள், பிரதிபலிப்பு அடியோடு போகும். முழு உருவத்துக்கு இது உதவாது. ஏபிஎஸ்-சியின் சின்ன சென்சாரில் 50 மிமீ என்றால் முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவின் 75 மிமீ மாதிரி, கண்ணாடியை ஒட்டி நின்றால் மார்பு மட்டும்தான் அடங்கும். அதற்குப் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே கை கொடுப்பது கறுப்புத் துணி: ஒன்றரை மீட்டர் அகலம், பளபளப்பில்லாதது, நடுவில் லென்ஸ் நுழைய ஓர் ஓட்டை. கூட வருபவர் உங்களுக்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டால் எதிர்விளக்கும் சட்டையும் சேர்ந்தே மறையும். துணி விரிப்பதற்கு முன் கூடத்துக் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு, நுழைவாயிலிலேயே வாங்க வேண்டும். முக்காலிக்குத் தனி அனுமதி கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிட்டு வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

அமைப்பு: எஃப்/4, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை, 1/80 நொடிக்குக் குறையாமல். திருவாசியும் முன்கையும் ஒன்றாகத் தெளிய வேண்டுமென்றால் எஃப்/5.6க்குப் போங்கள். இருட்டுப் பின்னணியைப் பார்த்து மீட்டர் ஏமாந்து படத்தை வெளிற வைக்கும். எக்ஸ்போஷரை மைனஸ் 1 வைத்து, நெற்றி, தோள், முழங்கால் ஆகியவற்றின் மினுமினுப்பு வெடிக்காமல் (வெறும் வெள்ளையாகிவிடாமல்) இருக்கிறதா என்று கேமராவின் ஹிஸ்டோகிராம் என்னும் வெளிச்ச வரைபடத்தில் பாருங்கள். ரா கோப்பாக எடுங்கள், நிழலை வீட்டில் தூக்கிக்கொள்ளலாம். வெடித்த மினுமினுப்பு திரும்பாது.

கேமராவின் உயரம் உருவத்தின் தொப்புளுக்கு நேர். பீடத்தின் மேல் இருப்பதை நின்றபடி அண்ணாந்து எடுத்தால் தலை சிறுத்துக் கால் பெருக்கும். ஸ்தபதி கணக்குப் போட்டு வார்த்த அளவைக் கேமரா கெடுக்கக் கூடாது.

வெயில்காய்ச்சி பதில்:

உங்கள் ரசாயன அளவு சரி, அதைத் தொடாதீர்கள்.

நீலம் ஓடுவது வெயில் போதாததன் அடையாளம். வெள்ளையில் நீலம் நிற்பது வெயில் மிஞ்சியதன் அடையாளம். இரண்டும் ஒரே தாளில் வந்தால் நேரத்தைக் கூட்டினாலும் தீராது, குறைத்தாலும் தீராது. நெகட்டிவில் கறுப்பு போதவில்லை என்று பொருள். ஜெராக்ஸ் கடை டோனர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், ஆனால் புற ஊதாக் கதிருக்கு அது சல்லடை.

அதற்கு முன் ஒரு சோதனை. தாளின் ஒரு துண்டில் பூசி, இருட்டில் காய வைத்து, வெயிலே காட்டாமல் நேராகக் கழுவுங்கள். வெள்ளையாக வர வேண்டும். நீலச் சாயல் தங்கினால் குற்றவாளி நெகட்டிவ் இல்லை: பழைய கரைசல், அறையில் எரியும் டியூப்லைட், உலோகப் பூண் உள்ள பிரஷ், அல்லது ஈரம். சென்னைக் காற்றில் பூச்சு காய ஒரு மணி நேரம்கூட ஆகும். மின்விசிறிக் காற்றில் காய வைத்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். நாளைக்கென்று எடுத்து வைத்தால் தாளுக்குள்ளேயே நீலமாகத் தொடங்கிவிடும். ஏ4க்கு 3 மில்லி கலவை போதும், குளமாக நின்றால் அந்த இடம் தாளில் ஊறாமல் மேலேயே உட்கார்ந்து கழுவும்போது உரிந்து ஓடும்.

சோதனை வெள்ளையாக வந்தால் நெகட்டிவுக்கு வாருங்கள். மலிவான வழி, ஒரே படத்தை இரண்டு லேசர் ஷீட்டில் எடுத்துக் கோடு பிசகாமல் அடுக்கி ஒட்டுவது. நல்ல வழி இங்க்ஜெட். இங்க்ஜெட்டுக்கென்று பூச்சு போட்ட ஷீட்தான் வேண்டும். சாதா ஓஎச்பி ஷீட்டில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். மாற்றிப் போட்டு இங்க்ஜெட் ஷீட்டை லேசர் இயந்திரத்தில் விட்டால் சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், கடைக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது?

இனி நேரம். பூசிய தாள்துண்டின் மேல் அச்சடிக்காத வெற்று ஷீட்டை வைத்து, அட்டையால் மூடி, 2 நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையை ஒரு விரல் நகர்த்தி 16 நிமிடம் வரை போங்கள். கழுவிக் காய்ந்ததும் பாருங்கள். எந்தப் பட்டைக்கு மேல் நீலம் கூடவில்லையோ அதுதான் உங்கள் நேரம். ஷீட் மாறினால், தாள் மாறினால் மறுபடி எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் பெரும்பாலும் 8 முதல் 12 நிமிடத்துக்குள் நிற்கும், 4 நிமிடம் குறைவு. தாளும் நெகட்டிவும் வைத்த கண்ணாடிச் சட்டத்தைத் தரையில் படுக்க வைக்காமல் சூரியனுக்கு நேராகச் சாயுங்கள். மேலே சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் வேண்டாம். வெயிலில் பூச்சு மஞ்சள்பச்சையிலிருந்து நீலமாகி, கருத்த இடங்கள் சாம்பல் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். அதைக் கண்டு பயப்பட்டுப் பலர் பாதியில் எடுத்துவிடுகிறார்கள்.

ஒரே கருநீல உடலுக்குக் காரணம் கோப்பில் இருக்கிறது. சயனோடைப் நிழல்களை ஒன்றாக அமுக்கிவிடும். செப்பு உடலின் சாயலை, படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றித் தலைகீழாக்கும் முன்பே, கர்வ்ஸில் (மென்பொருளில் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கருவி) தூக்கி நடுச் சாம்பலுக்குக் கொண்டுவாருங்கள், திரையில் வெளிறிப்போய் அசிங்கமாகத் தெரியும் வரை. பின்னணி மட்டும் கறுப்பாகவே இருக்கட்டும். பிறகு தலைகீழ், பிறகு இடவலம் திருப்பல், அச்சிட்ட பக்கம் பூச்சைத் தொடும்படி வைத்தால்தான் கோடு கூர்மையாக விழும். இடவலம் மறந்தால் உமை உருவத்தின் வலப்பக்கம் போய்விடுவார், பார்த்தவுடன் மாட்டிக்கொள்வீர்கள்.

நீலப்பொடி:

வெயில் காட்டாத துண்டு வெள்ளையாகவே வந்தது. அப்படியென்றால் நெகட்டிவ்தான். மஞ்சள் ஓரத்துக்கு என்ன காரணம்? செப்பு நிறத்துக்கு அருகில் கொண்டுவர வழி உண்டா?

கடுக்காய்ச்சாறு பதில்:

மஞ்சளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, கழுவியது போதாமல் இரும்பு உப்பு தாளில் தங்கியது. வெள்ளையில் மஞ்சள் முழுக்க மறையும் வரை, குறைந்தது 10 நிமிடம், தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். இரண்டாவது, காரம். அச்சில் உருவாகும் பிரஷ்யன் நீலம் என்ற நிறமிக்கு எதிரி காரம்தான். கடின போர் தண்ணீரும், சுண்ணாம்பு கலந்து செய்த தாளும் நீலத்தைத் தின்று இரும்பு ஹைட்ராக்சைடின் மஞ்சளை விட்டுச் செல்லும். முதல் கழுவலுக்கு லிட்டருக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போடுங்கள், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும். கடைசிக் கழுவல் கேன் தண்ணீரில் இருந்தால் நல்லது. தாளின் மூலையில் ஒரு சொட்டு அமிலம் விட்டுக் குமிழி வந்தால் அது சுண்ணாம்புத் தாள். சுண்ணாம்பு சேர்க்காத ஹானமூலே பிளாட்டினம் ராக், ஆர்ஷ் பிளாட்டின் எல்லாம் விலை அதிகம். இருக்கிற தாளையே 5 சதவீத சல்ஃபமிக் ஆசிட் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து அலசிக் காயவைத்தால் வேலை நடக்கும். கழிவறை கழுவும் ஆசிடைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஃபெர்ரிசயனைடு கடும் அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

நிறத்துக்குக் கடுக்காய். கலம்காரித் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் நனைத்து எடுப்பது எதற்காகவோ, அதே டானின்தான் (கடுக்காயின் துவர்ப்புப் பொருள்) இங்கேயும் இரும்பைப் பிடிக்கிறது. நன்கு கழுவி, ஒரு நாள் காய்ந்த அச்சு வேண்டும், வழக்கத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாக வெயில் பட்டதாக. லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சலவை சோடா கரைத்து அச்சை அமிழ்த்துங்கள். நீலம் ஊதாவாகி வெளிறத் தொடங்கும், 20 அல்லது 30 நொடியில் வெளியே எடுங்கள். மூன்று நிமிடம் அலசுங்கள். 20 கிராம் கடுக்காய்த்தூளை ஒரு லிட்டரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, இரண்டு முறை துணியில் வடித்து ஆறவைத்த சாற்றில் 15 நிமிடம். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் சாறே மையாகிவிடும், எவர்சில்வர் நல்லது. முற்றிலும் மஞ்சளாகும் வரை சோடாவில் விட்டால் மென்மையான சாயல்கள் திரும்பாது. சாற்றில் அதிக நேரம் கிடந்தால் தாளின் வெள்ளையும் பழுப்பாகும். முகம் பழுப்பு கலந்த கறுப்பில் நிற்கும்போது எடுத்துவிடுங்கள்.

கோட்டுப்புள்ளி பதில்:

அச்சுக்கு முன் கூடத்தில் உட்கார்ந்து ஒரு அரைமணி கோட்டோவியம் போடுவது, எந்தப் பக்க ஒளி வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுக்கும். அளவு பிசகாமலிருக்க உத்தம தசதாளக் கணக்கு (ஸ்தபதிகளின் உருவ அளவு முறை) கையில் இருக்கட்டும். மொத்தம் 124 அங்குலம்; இங்கே அங்குலம் என்பது இஞ்சு அல்ல, உருவத்தின் உயரத்தில் 124இல் ஒரு பங்கு. உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, அங்கிருந்து மார்பு, தொப்புள், குறி என மூன்றும் 13½ வீதம், தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள். திரிபங்கத்தில் உடல் வளைவதால் இந்த அளவுகளை வளைந்த நடுக்கோட்டின் மேல் வையுங்கள், செங்குத்துக் கோட்டில் வைத்தால் உருவம் நீண்டுவிடும்.

அந்த ஓவியத்தையே டிரேசிங் பேப்பரில் அடர்ந்த கறுப்பு மையால் வரைந்தால் நெகட்டிவே தேவையில்லை. நீலத்தில் வெள்ளைக் கோடாக விழும், கட்டடக்காரர்களின் பழைய ப்ளூபிரின்ட் இதுதான். டிரேசிங் பேப்பர் கதிரை ஓரளவு தடுக்கும், அதனால் நேரச் சோதனையை அதே தாளை வைத்து எடுங்கள். காற்றில் ஈரம் ஏறினால் அது நெளியும், கண்ணாடிக்கும் பூச்சுக்கும் நடுவே இடைவெளி விழுந்து கோடு மங்கும். அதனால் நாலு மூலையிலும் கிளிப்.