‘போலி மூலம்’ வேண்டாம், ‘புகுமூலம்’ எனலாம்

ஐயா, வணக்கம்.

மடக்கைச் சமன்பாட்டை (logarithmic equation) தீர்க்கும்போது மூலமாக, அதாவது தீர்வாக, கிடைத்து, தரப்பட்ட சமன்பாட்டில் பிரதியிட்டால் பொருந்தாமற்போகும் விடைக்குத் தாங்கள் முன்வைத்த ‘போலி மூலம்’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கையில் அடிக்கடி எதிர்ப்படும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 2ஐ அடியாகக் கொண்டு மட ய + மட (ய − 2) = 3 எனத் தந்தால் (‘மட’ என்பது மடக்கையின் குறியீடு), மாணவர் இரு மடக்கைகளையும் சேர்த்து மட ய(ய − 2) = 3 என்றாக்கி, அதிலிருந்து ய² − 2ய − 8 = 0 என்று எழுதி, 4, −2 ஆகிய இரண்டையும் விடையாகத் தந்துவிடுகின்றனர். அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு −2 மெய்யான மூலமே. அதில் போலி எதுவும் இல்லை. ய, ய − 2 ஆகிய இரண்டும் தனித்தனியே நேராக (பூச்சியத்தைவிடப் பெரிதாக) இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, மடக்கைகளைச் சேர்த்த வரியில், பெருக்கம் மட்டும் நேராக இருந்தாற் போதும் என்று தளர்ந்துவிட்டது. −2 உள்ளே புகுந்தது அந்தத் தளர்வினால்தான். ஆகவே ‘புகுமூலம்’ என்று வினைத்தொகையாக வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. எந்த வரியில் புகுந்தது என்று மாணவரைத் தேடவைக்கும் சொல் அது. ‘வெளிமூலம்’ நோயின் பெயராக ஏற்கெனவே வழங்குவதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இத்தகைய விடையை ‘மறைமூலம்’ (மறை என்பது பூச்சியத்தைவிடச் சிறிய பெறுமானம்) என்று பழக்குவது இன்னும் கெடுதல். அதே அடியில் மட (6 − ய) = 3 என்பதன் தீர்வு −2; உள்ளே 8 வருவதால் அது முற்றாகப் பொருந்துகிறது. மறைப் பெறுமானம் என்ற ஒரே காரணத்துக்காக அதை வெட்டிவிட்டு, ‘தீர்வு இல்லை’ என்று எழுதிய விடைத்தாள்களைத் திருத்துகையில் மனம் நோகிறது. நேராக இருக்கவேண்டியது மடக்கையின் உள்ளே நிற்கும் கோவையே அன்றி, ய அன்று.

எதிர்த்திசைத் தவறுக்கும் பெயர் வேண்டும். அதே அடியில் மட ய² = 4 என்பதை 2 மட ய = 4 என்று மாற்றினால் 4 மட்டுமே கிடைக்கும்; −4 நழுவிவிடும். கிடைக்காத விடையைப் பிரதியிட்டுச் சரிபார்க்க வழியில்லை என்பதால், இத்தவறு புகுமூலத்தைவிட ஆபத்தானது; 2 மட |ய| என்று எழுதினால் இரண்டும் நிற்கும். இதனை ‘நழுவுமூலம்’ எனலாம். ‘விடுமூலம்’ ஓசையில் இன்னும் சுருக்கமானது. ஆயினும் மாணவர் அறிந்தே விட்டுவிட்டார் என்ற பொருளையும் அது தரக்கூடும். இவ்விரண்டில் எதைக் கொள்ளலாம் என்று தாங்களும் குழுவினரும் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

திருகோணமலையிலிருந்து,
கணித ஆசிரியர் ஒருவர்