கோடை விடுமுறைக்குப் பிறகு ஆன் ஆகாத பள்ளி டேப்லெட்டுகள்: உதவி தேவை

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் நான். முன்னாள் மாணவர்கள் போன ஆகஸ்டில் வாங்கித் தந்த 20 டேப்லெட்டில் 9 இப்போது ஆன் ஆகவில்லை. 10 அங்குலத் திரை, ஆண்ட்ராய்டு 13, டைப்-சி. ஏப்ரல் கடைசியில் சார்ஜ் பார்க்காமலே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், என் தவறுதான். ஜூனில் எடுத்தால் இந்த நிலை.

சார்ஜரில் போட்டால் பேட்டரி படம் வரும், பத்து நொடியில் அணையும், மறுபடி வரும். ராத்திரி முழுக்க விட்டாலும் அப்படியேதான். நன்றாக ஓடும் டேப்லெட்டின் சார்ஜர், கேபிள் எல்லாம் மாற்றியாயிற்று. பவர், வால்யூம் பட்டன்களைச் சேர்த்து 30 நொடி அழுத்தியும் பார்த்தேன். மெதுவாக ஏறட்டும் என்று கம்ப்யூட்டர் யுஎஸ்பியில் ஒரு நாள் விட்டதில் முதலில் ஆன் ஆகாமல் இருந்த பத்தில் ஒன்று மட்டும் எழுந்தது. மீதி ஒன்பதில் ஒன்றுக்கு முதுகு லேசாக உப்பியிருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், சார்ஜ் போடுவதில்லை.

தருமபுரியில் ஒரு கடையில் எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள். பேட்டரி வாரண்டி 6 மாதம், முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் வருகிறது. கண்ணின் படத்தை விரலால் விரித்து விரித்து விழித்திரையைத் தேடுவார்கள் பிள்ளைகள். அதைக் கரும்பலகையில் காட்ட முடியாது.

லித்தியம் பேட்டரி அடிமட்டம்வரை இறங்கிவிட்டால், உப்பாத அந்த எட்டையும் பின்பக்கம் திறக்காமல், ஆபத்தில்லாமல் மறுபடி எழுப்ப வழி இருக்கிறதா?