ஆறாம் வரிசையில் நின்ற கோட்டை

சென்ற பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் நடந்த வயதுப் பிரிவுப் போட்டியின் கடைசிச் சுற்றில், செந்தூலில் வளர்ந்த பன்னிரண்டு வயது என் மகளும், பட்டர்வொர்த்திலிருந்து தாத்தாவுடன் ரயிலேறி வந்திருந்த பத்து வயதுப் பையனும் ஆடிய சதுரங்க ஆட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறேன். ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். பெற்றோருக்குக் கூடத்தில் அனுமதியில்லாததால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நான் கண்டது அவளுடைய பின்னலை மட்டுமே. மற்றதெல்லாம் பிறகு குறிப்புத்தாளில் பார்த்தது.

ஐம்பது நகர்த்தல்களுக்குப் பின் இருவரிடமும் ஒவ்வொரு கோட்டையும், மகளிடம் மட்டும் ஒரு சிப்பாயும் எஞ்சியிருந்தன. (என் அப்பா கோட்டையை இன்றும் யானை என்றுதான் சொல்வார்.) பையன் சமன் கேட்டான், அவள் மறுத்துவிட்டாள். மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம் சமனில் முடியும் என்று பலரும் எண்ணியிருந்தபோது, அதுவரை உலக வாகையராக இருந்த சீனாவின் டிங் லிரன் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் ஆட்டம் குகேஷின் கைக்குப் போனதை அவள் விழி அகலப் பார்த்தவள்.

பையனோ தவறவில்லை. சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்தில் தன் ராஜாவை நிறுத்தி, ஆறாம் வரிசை முழுவதையும் கோட்டையால் காத்து, அவளுடைய ராஜா முன்னேற வழியில்லாமல் செய்துவிட்டான். இருபது நகர்த்தல்கள் பொறுத்த மகள், சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினாள். உடனே அவன் கோட்டை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் வைக்கத் தொடங்கியது. ராஜா ஒதுங்கியிருக்கக்கூடிய ஒரே கட்டத்தில் இப்போது அவளுடைய சிப்பாயே நின்றது. பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் 1777-இல் விளக்கிய தற்காப்பு இது. ஆட்டம் சமனாயிற்று.

வெளியே வந்தவள் என்னிடம் வரவில்லை. நடைபாதை பெஞ்சில் அவனுடன் பலகையை விரித்துக்கொண்டாள்.

“நீங்க சிப்பாயத் தள்ளுற வரைக்கும் என் கோட்டை அந்த வரிசைய விட்டு இறங்காதுக்கா” என்றான் பையன்.

“தம்பி, ரயிலுக்கு நேரமாச்சு” என்று தாத்தா இருமுறை அழைத்தார்.

“ஒரே ஒரு தடவ, தாத்தா” என்று கெஞ்சியவள் என் மகள். அதற்குள் அவள் பலகையைத் திருப்பி, கறுப்புக் காய்களைத் தன் பக்கம் வைத்திருந்தாள்.