கண் மூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்

வளர்த்த நாயையோ பூனையையோ இழப்பவர்களிடம் எப்படிப் பேசுவது? மூன்று பேர் சொல்கிறார்கள்.

கால்நடை மருத்துவமனை உதவியாளர்:

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. 14 வயது நாய், சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வலியில்லாமல் அனுப்பிவைக்கலாம் என்று முடிவானது. உயிரை நிறுத்தும் பென்டோபார்பிட்டால் என்ற மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்லியும்விட்டார். நாயை வளர்த்த அம்மா குனிந்து முகத்தைப் பார்த்தார். கண் திறந்தே இருந்தது. அப்புறம் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. "ஐயோ, உயிர் இருக்கு!" என்று அலறிவிட்டார்.

நினைவு போன பிறகு உடம்பில் தானாக வரும் துடிப்பு அது. எங்களுக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் ஊசிக்கு முன்பே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன்: முதலில் மயக்க மருந்து, கண் மூடாது, சிறுநீர் போகலாம், மூச்சு வாங்குவதுபோல் தெரியலாம், அதற்கு வலிக்காது. கையெழுத்து, பணம் எல்லாம் அதற்கும் முன்னால். அழுத முகத்தோடு ஒருவரை பில் போடும் இடத்தில் நிற்கவைக்கக் கூடாது.

பூனை வளர்த்தவர்:

என் பூனை போய் மூன்றாவது வாரம், அவள் பெயர் போட்டு "தடுப்பூசி நாள் நெருங்குகிறது" என்று குறுஞ்செய்தி. உடைந்துபோனேன். ஃபோன் செய்தேன். எடுத்த பெண் சாக்கு எதுவும் சொல்லவில்லை. "தப்பு எங்களுடையதுதான், இப்பவே அவ பேரை எடுத்துடறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஊசி போடும்போதெல்லாம் என் சட்டைப் பொத்தானைக் கடிச்சிட்டே இருப்பாளே" என்றார். வீட்டுக்கு வெளியே அவளை நினைவு வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

கால்நடை மருத்துவர்:

"முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா, டாக்டர்?" எல்லோரும் கேட்பார்கள். சட்டென்று "இல்லை" என்றுதான் முன்பு சொல்வேன். சில சமயம் அது உண்மையில்லை, கேட்பவருக்கும் அது தெரியும். இப்போது என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்: "பூனைகள் நோயை மறைத்துவிடும். தெரிந்த அன்றே தூக்கிக்கொண்டு வந்தீர்கள்." "வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளிடம் "தூங்க வைத்துவிட்டோம்" என்றும் சொல்வதில்லை. அதைக் கேட்ட ஒரு பையன் அன்று இரவு படுக்கவே பயந்தானாம், அவன் அப்பா ஃபோனில் சொன்னார். "இறந்துவிட்டது, இனி மூச்சு விடாது, திரும்ப வராது" என்றே சொல்கிறேன். அழுவார்கள். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் விடுவேன். பெரும்பாலும் காதைத்தான் தடவுவார்கள்.