புதுப்பிப்பு: அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனோம்

குடியை நிறுத்த ஓர் இடம், மனசுக்கு வைத்தியம் பார்க்க ஓர் இடம் என்று அண்ணனை அலையவிடுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்ன 14416-க்கு, அதாவது 2022-இல் வந்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, அன்று ராத்திரியே பேசினேன். திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும் என்றார்கள். சரி என்று எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போனோம். பிரஷர் பார்த்த டாக்டரம்மா கை நடுக்கத்தைக் கவனித்துவிட்டு, பிரஷர் பட்டையைக் கழற்றாமலேயே, "எவ்வளவு குடிக்கிறீங்க, தூக்கம் வருதா, சாகணும்னு தோணுதா?" என்று மெதுவாகக் கேட்க, அண்ணன் உடைந்து அழுதுவிட்டார். மாவட்ட மருத்துவமனையில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாச்சு. இனி சுகர் மாத்திரையோடு மனநல மாத்திரையும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மனசுக்கான வைத்தியமும் மற்ற வைத்தியத்தோடு சேர்ந்தே கிடைக்கவேண்டும் என்றுதானே 2017 மனநலச் சட்டமும் கேட்கிறது, எல்லா ஊரிலும் கேளுங்கள். அடுத்த செவ்வாய் மறுபடி போகிறோம்.