ஹிட்டாச்சி பழகுகிறேன், சரிவில் எடுக்கப் பயமாக இருக்கிறது

புளியரைத் தம்பி:
வணக்கம் அண்ணாச்சி. இரண்டு வருஷமாக ஹெல்பராக இருந்து கிரீஸ் அடித்தேன். போன வாரத்திலிருந்து முதலாளி 20 டன் ஹிட்டாச்சியில், அதுதான் மண் தோண்டுகிற எக்ஸ்கவேட்டரில், உட்கார வைக்கிறார். சமதரையில் மண் அள்ளி டிப்பரில் போட வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆரியங்காவு பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பாதை வெட்டணும். சரிவு, சாரல் வேறு. நேற்று பின்னால் எடுக்கலாம் என்று பெடலை மிதித்தால் வண்டி முன்னால் போய்விட்டது. ஏன் என்று புரியவில்லை. வேறு எதைக் கவனிக்கணும்?

கடையநல்லூர் ஆபரேட்டர்:
தம்பி, வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. வண்டி ஓடுகிற இரும்புப்பட்டைச் செயினை இழுக்கிற பல்சக்கரம், அதுதான் ஸ்ப்ராக்கெட், உன் முதுகுப்பக்கம் இருக்கணும். மேல்பாகத்தை அரைவட்டம் திருப்பிவிட்டால் அது உனக்கு முன்னால் வந்துவிடும், பெடல் தலைகீழாக வேலை செய்யும். நகர்த்துவதற்கு முன் ஸ்ப்ராக்கெட் எங்கே என்று எட்டிப் பார். 17 வருஷம் ஆகியும் நான் பார்க்கிறேன்.

அப்புறம் சீட்டுக்கு இடதுபக்கம் இருக்கிற லாக் லீவர். அதைப் போட்டால் மற்ற லீவர் எதுவும் வேலை செய்யாது. நான் பழகிய மூன்றாம் மாதம், குண்டாறு பக்கம் ஒரு கிணற்று வேலை. டீ வந்துவிட்டது என்று எழுந்தேன். இன்ஜின் ஓடுகிறது, லாக் போடவில்லை. தோளில் கிடந்த துண்டின் நுனி இடது லீவரில் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. எழுந்ததும் லீவர் சாய்ந்து வண்டி சுழன்றுவிட்டது. வண்டியின் பின்பக்க எடைக்கட்டியான கவுண்டர்வெயிட்டுக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் ஹெல்பர் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டு மல்லாந்து சாய்ந்தார், அதனால் தலை தப்பியது. தூக்குச்சட்டி தகடாக நசுங்கிக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு முழங்கால் நிற்கவில்லை.

அன்றைக்கு விட்டதுதான், துண்டு போட்டுக்கொண்டு சீட்டில் ஏறுவதில்லை. பக்கெட்டைத் தரையில் வை, லாக் போடு, இன்ஜினை நிறுத்து, பிறகு கதவைத் திற. ஹெல்பர் உன் கண்ணில் படவில்லை என்றால் வண்டியைச் சுழற்றாதே, ஹாரன் அடித்துக் கூப்பிடு.

புனலூரில் வேலை பார்ப்பவன்:
அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. சரிவுக்கு நான் சொல்கிறேன். நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே ஓட்டாதே. பக்கெட் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் முன்னால் இருக்கட்டும். வழுக்கினால் உடனே ஊன்றலாம். ஒரு பக்கெட் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேலே வரும். அதைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் வேகமாகச் சுழற்றினால் வண்டி கூடவே சாயும். ஓரத்தில் நிற்கும்போது செயின் இரண்டும் பள்ளத்தைப் பார்த்து நேராக இருக்கணும், ஸ்ப்ராக்கெட் பின்னால். மண் விட்டால் ஒரே இழுப்பில் பின்வாங்கலாம். சாரல் அடைமழையானால் வேலையை நிறுத்து. முதலாளி சேட்டன் முகம் சுளித்தாலும் சரி.

வல்லம் எலக்ட்ரீஷியன்:
தோட்டத்துக்குள் 11 கேவி உயர் அழுத்த மின்கம்பி லைன் போகிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். பூம், அதாவது வண்டியின் தூக்குகிற கை, லைனுக்கு 3 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது. தப்பித்தவறிப் பட்டுவிட்டால் லைனை ஆஃப் செய்யும்வரை இறங்காதீர்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியைத் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால் பிரியாமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து போங்கள்.

புளியரைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்று காலை ஸ்ப்ராக்கெட் பக்கம் செயின் பிரேமில் மஞ்சள் பெயின்டில் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டேன், சீட்டில் இருந்தே தெரிகிறது. என் ஹெல்பர் என்னைவிடச் சின்னப் பையன். சாப்பாட்டை வண்டி நிழலில் வைக்காதே என்று அவனிடமும் சொல்லிவிட்டேன்.